ஆல்பத்தில் இல்லாத கை

சரவணா,

நேற்று நீ போனில் சொன்னதற்கெல்லாம் நான் "உம்" கொட்டினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நீ போனை வைத்துவிட்டாய். அது சம்மதம் இல்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் உங்கப்பா நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது. அதனால் உம் கொட்டினேன். நேரில் பேசினால் நீ பாதியில் புகுந்து "அம்மா, நான் சொல்றதைக் கேளு, கேளு" என்பாய். எழுதினால் அப்படிப் புக முடியாது. அஞ்சாவதோடு நின்றுபோனவள் நான். பேப்பர் படித்துப் படித்துத் தானாகத் தேறிய எழுத்து இது. கோணலாக இருந்தாலும் நீ முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

நீ சொன்னது இதுதான். தீபாவின் வளைகாப்புக்கு நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். முதல் வளையலை நான் போட வேண்டாம், உன் பெரியம்மா போடுவாள். "கண்ணாடி வளையல்மா. உன் கையில பிடிமானம் இருக்காது. உடைஞ்சுகிடைஞ்சு போச்சுன்னா அவங்க வீட்ல ஏதாவது நினைச்சுப்பாங்க. நீ சந்தனம் மட்டும் வை, அதுவும் இடது கையால வேணாம், யாரையாவது பக்கத்துல வச்சுக்கோ" என்றாய். நம் வழக்கத்தில் மருமகளுக்கு முதல் வளையல் மாமியார்தான் போடுவது. எனக்கு என் மாமியார் போட்டார். அவருக்கும் எனக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை, ஆனால் அந்த வளையலை அவர்தான் போட்டார். இந்தக் கையில் பிடிமானம் இல்லை என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னது கிடையாது. இந்தக் கையால்தான் உனக்குத் தலை வாரினேன், அறுந்த பட்டன் தைத்தேன், சப்பாத்தி தேய்த்தேன். ஆவடி ஸ்டேஷனில் ரயில் கிளம்புகிற நேரத்தில் உன்னை உள்ளே இழுத்துப்போட்டதும் இந்தக் கைதான். கட்டை விரலும் மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்தால் எவ்வளவு வேலை நடக்கும் என்பது உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும்.

வளையல் உடையும் என்பது உன் பயம் இல்லை. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். மனையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு வளையல் போடும்போது எல்லோரும் இரண்டு கைகளைத்தான் பார்ப்பார்கள், போட்டுக்கொள்கிறவள் கையையும் போடுகிறவள் கையையும். அந்த நேரத்தில் யாராவது ஒரு பெண்பிள்ளை "ஐயோ, இது எப்படிங்க ஆச்சு?" என்று கேட்பாள். நான் என்ன பதில் சொல்வேனோ என்பதுதான் உன் பயம்.

உன் கல்யாண ஆல்பத்தை நீயே கொண்டுவந்து கொடுத்தாய். மடியில் வைத்தால் கால் மரத்துப்போகிற கனம். முதல் தடவை பார்த்தபோது உன் முகத்தை மட்டும் பார்த்தேன். அடுத்த தடவை தீபாவை. அதற்கப்புறம் ஒரு மத்தியானம் சும்மா புரட்டியபோதுதான் என்னைப் பார்த்தேன். எந்தப் படத்திலும் என் வலது கை இல்லை. ஒன்றில் தாம்பூலத் தட்டுக்கு அடியில் இருக்கிறது. ஒன்றில் உங்கப்பா முதுகுக்குப் பின்னால். ஒன்றில் சம்மந்தியம்மாவின் முந்தானை அதன்மேல் விழுந்திருக்கிறது. அட்சதை போடுகிற படத்தில் கையைத் தூக்கியிருக்கிறேன், ஆனால் யாரோ ஒருவர் தலை மறைக்கிறது. கூட்டத்தில் அப்படி அமைந்திருக்கும் என்று மூடி பீரோவில் வைத்துவிட்டேன். பிறகு துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது. மேடையில் அந்தப் போட்டோக்காரத் தம்பி என்னை மட்டும்தான் நகர்த்திக்கொண்டே இருந்தான். "அம்மா, இந்தப் பக்கம் வாங்க. அம்மா, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம். தட்டை மேல தூக்கிப் புடிங்கம்மா." அவன் என்னை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. என் கையைப் பற்றி அவனுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. கல்யாண மாப்பிள்ளை ஆசைப்பட்டிருக்கிறான், ஒரு நாள் கூத்துதானே என்று விட்டுவிட்டேன். அப்போதே கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

ஆயுத பூஜைக்கு உன் மாமனார் நம்மைக் கூப்பிட்டார். அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தொழிலில் கீழே இருந்து ஏறி வந்த மனிதர், சம்மந்தி என்கிற மரியாதையை வாசலிலேயே வந்து காட்டினார். அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்தெருவில் ஷீட் போட்ட கூடம், உள்ளே ஒரு லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின், சுவரோரமாக வரிசையாகப் பவர் பிரஸ்கள். எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். வாசலில் வாழைக்கன்று, நடுவில் பூசணிக்காய், தட்டுத் தட்டாகப் பொரியும் சுண்டலும். உனக்கு அது ஒரு பூஜை வீடு மாதிரி இருந்திருக்கும். எனக்கு அந்த எண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும் உடம்பு தானாக நிமிர்ந்தது. பிரஸ் முன்னால் போய் நின்றால் இன்றைக்கும் என் கால் இரண்டும் அகலமாகத்தான் நிற்கும். தரையில் போல்ட் அடித்துக் கட்டிய மெஷின் அது, இடத்தை விட்டு எழுந்து வந்து யாரையும் ஒன்றும் செய்யாது. நாம்தான் தினமும் அதனிடம் போய் நிற்கிறோம்.

கடைசியில் இருந்த பிரஸ்ஸின் பட்டனை அப்போதுதான் பார்த்தேன். உன் அம்மா செய்த வேலை என்ன என்று நீ ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை, அதனால் இதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். பிரஸ்ஸில் மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு. நடுவில் தகட்டை வைத்தால் மேல் அச்சு இறங்கி ஒரே அடியில் வெட்டும், இல்லை வளைக்கும். அந்த அச்சு இறங்குவதற்கு இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன், இரண்டையும் இரண்டு கையாலும் சேர்த்து அழுத்த வேண்டும். ஏன் இரண்டு? இரண்டு கையும் பட்டன்மேல் இருந்தால் ஒரு கையும் அச்சுக்கு அடியில் இருக்காது. அதற்காக மட்டும்தான் இரண்டு. ஆனால் அப்படி ஓட்டினால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். தகட்டை வை, கையை எடு, இரண்டு பட்டனையும் அழுத்து, மறுபடி கையை நீட்டு. அதனால் வலது பட்டனை உள்ளே அழுத்தி, அது வெளியே வராமல் பக்கத்தில் ஒரு ரப்பர்த் துண்டைச் செருகிவிடுவார்கள். மெஷின், வலது கை பட்டனில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். வலது கை சும்மா இல்லாமல் தகடு வைக்கும், எடுக்கும். இடது கை மட்டும் அழுத்தும். வேலை பறக்கும். யாரும் செருகு என்று சொல்லித்தர மாட்டார்கள், யாரும் எடு என்றும் சொல்ல மாட்டார்கள். புதிதாக வருகிறவள் பக்கத்து மெஷினைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொள்வாள். சோதனைக்கு ஆள் வருகிறார் என்றால் எல்லா ரப்பரும் எண்ணெய் டப்பாவுக்குள் போய்விடும்.

உன் மாமனாரின் பிரஸ்ஸில் அந்த வலது பட்டனுக்கு மேலே சாமந்திப்பூ வைத்திருந்தார்கள். பூவுக்குக் கீழே சைக்கிள் ட்யூப் துண்டு. பூஜைக்காக மெஷினையெல்லாம் துடைத்தவர்கள் அதைக் கூடத் துடைத்துத் திரும்பச் செருகியிருந்தார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. "இது இன்னாது சம்மந்தி?" என்று கேட்டேன்.

"எது? ஓ, அதுவா. அது ஒண்ணும் இல்லீங்க. லேடீஸ் செருகி வெச்சிருப்பாங்க. சொன்னா எங்க கேக்குறாங்க" என்று சிரித்தார்.

அந்த மெஷினை ஓட்டுகிற கன்னியம்மா பொரித் தட்டோடு அங்கேதான் நின்றிருந்தாள். நாற்பது வயதுக்காரி, வாய்த்துடுக்கு. "ஆமா சார், நாங்க ஆசைக்கு வெச்சிக்கினு கீறோம். ரெண்டு கையாலயும் அமுக்கினு இருந்தா நீங்க கேக்குற எண்ணிக்கை பொழுது சாஞ்சாலும் வராது. அப்புறம் நீங்கதான் 'இன்னா கன்னியம்மா, மெஷின்கிட்ட ஜோசியம் கேட்டுனு கீறியா'ன்னு கத்துவீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உன் மாமனாரும் சிரித்தார். "பாத்தீங்களா சம்மந்தி, பண்டிகை நாள்லகூட என்னை உட மாட்டா."

நான் அந்த ரப்பரை இழுக்கக் கையை நீட்டினேன். அப்போதுதான் சம்மந்தியம்மா கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். "உங்களுக்கு எப்படிங்க மெஷின் சமாச்சாரம் எல்லாம் தெரியுது? உங்களுக்கு வீட்ல கிரைண்டர்லதானே கை மாட்டிக்கிச்சுன்னு மாப்பிள்ளை சொன்னாரு. பாவம், மாவாட்டப் போயி."

நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் தலையைத் தூக்கினாய். யாருக்கும் தெரியாமல் லேசாகத் தலையை ஆட்டினாய், வேண்டாம் என்று. சின்ன வயதில் வீட்டுக்கு விருந்தாளி வரும்போது உன் மார்க்கை நான் சொல்லிவிடக் கூடாது என்று அப்படித்தான் ஆட்டுவாய். நான் கையை இழுத்துக்கொண்டேன். ரப்பர் அங்கேயே இருந்தது. கற்பூரம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், மெஷினைப் போட்டு ஒரு அடி அடித்துக் காட்டினார்கள். தரை அதிர்ந்தது என் பாதத்துக்குத் தெரிந்தது.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். கிளம்பும்போது கை கழுவக் குழாயடிக்குப் போனேன். கன்னியம்மா பின்னாலேயே வந்து சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். என் கையைப் பார்த்தாள். கிரைண்டர் கையை எப்படிச் சிதைக்கும், பிரஸ் எப்படி நேராக வெட்டும் என்பது பிரஸ் ஓட்டுகிறவளுக்குத் தெரியாதா? குரலைத் தாழ்த்தி, "யக்கா, எந்தக் கம்பெனி?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உன் காரில் உட்கார்ந்தேன். சரவணா, என் வாழ்நாளில் ஒருத்தி நேராகக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் வந்தது அதுதான் முதல் தடவை. பருத்திப்பட்டு ஏரி தாண்டும் வரை நீ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தாய். உன் ஃபிளாட்டில் தீபாவை இறக்கிவிட்டு என்னைக் கோவில்பதாகையில் நம் வீட்டில் விட்டபோது, "தேங்க்ஸ்மா" என்றாய். எதற்கு என்று இருவருக்கும் தெரியும்.

அப்புறம் நான் போனில் கேட்டதற்கு நீ விளக்கம் சொன்னாய். "அவங்க கம்பெனி வச்சிருக்கிறவங்கம்மா. நீ ஒரு கம்பெனி மேல எழுதிக் கொடுத்தவன்னு தெரிஞ்சா நம்மளை வேற கண்ணால பார்ப்பாங்க. பொண்ணு கேட்கப் போன இடத்துல அதெல்லாம் எதுக்குன்னு சொன்னேன். சின்ன விஷயம்மா, இதைப் போய்ப் பெருசு பண்ணாதே." அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ பொய் சொன்னதற்காக இல்லை. பொய் சொல்லாத பிள்ளை யாருக்கு இருக்கிறது? உலகத்தில் எத்தனையோ பொய் இருக்க, கிரைண்டர் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விடிகிற நேரத்தில் தெரிந்தது.

நீ அப்போது இரண்டாம் வகுப்பு. ஆஸ்பத்திரியில் நான் கையில் பெரிய கட்டோடு படுத்திருக்கிறேன். கம்பெனி மேனேஜர் ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். "நடந்தது நடந்துபோச்சும்மா. விசாரிக்க ஆள் வருவாங்க. வீட்ல கிரைண்டர்ல கை மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு. கம்பெனி உன்னைக் கைவிடாது" என்றார்.

"எங்க ஊட்ல கிரைண்டரே கெடியாது சார். ஆட்டுக்கல்லுதான் கீது. ஆட்டுக்கல்லு வெரலை வெட்டிச்சின்னா எவன் சார் நம்புவான்?" என்றேன்.

அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அதுக்கென்னம்மா, ஒரு கிரைண்டர் வாங்கி வீட்ல இறக்கிடச் சொல்றேன்" என்றார்.

உங்கப்பா கால்மாட்டில் நின்றுகொண்டு, "அதான் சார் சொல்றாரே, கேளேன்டி" என்றார். நீ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த மேனேஜர் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாய். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் முடியாது என்றேன். விசாரிக்க வந்தவர்களிடம் வலது பட்டனில் ரப்பர் இருந்ததையும் சொன்னேன், அன்று காலை அதை அழுத்திச் செருகியது என் கட்டை விரல்தான் என்பதையும் சொன்னேன், அதைச் செருகாமல் அவர்கள் கேட்ட எண்ணிக்கையை யாராலும் எடுக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். எனக்குக் கையெழுத்துத் தெரியும் என்று இடது கையில் பேனாவை வாங்கிக் கிறுக்கினேன். அந்தக் கிரைண்டர் நம் வீட்டுக்கு வரவே இல்லை. இத்தனை வருஷம் கழித்து நீ அதை வாங்கிக்கொண்டுபோய் உன் மாமனார் வீட்டில் இறக்கியிருக்கிறாய்.

ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று உங்கப்பா இன்றைக்கும் கேட்கிறார். நான் வீட்டில் நடந்தது என்று சொல்லியிருந்தால் அந்த ரப்பர் பட்டனிலேயே இருந்திருக்கும். மறுநாள் அந்த இடத்தில் அமுதா போய் உட்கார்ந்திருப்பாள். அமுதா என் பக்கத்து மெஷின்காரி, உனக்கு அமுதா அத்தை. நான் உண்மையைச் சொன்னதற்கு எனக்கு மாலை போட்டார்கள் என்று நினைக்காதே. பட்டனைச் சுற்றிக் குவளை மாதிரி மூடி வைத்தார்கள், ஒரு பட்டனை ஓயாமல் பிடித்துவைத்தால் அச்சு இறங்காதபடி வயரை மாற்றினார்கள். வேலை மெதுவானது. ஓவர்டைம் இழுத்தது. பெண்கள் எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள். அமுதாவே ஆஸ்பத்திரிக்கு வந்து, "உன் வெரலு போச்சின்னா உன்னோட போவட்டும், எங்க சோத்துல ஏன்டி மண்ணை அள்ளிப் போட்ட?" என்று கத்திவிட்டுப் போனாள். ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை.

கை ஆறித் திரும்பிப் போனபோது என்னைக் கூட்டிப் பெருக்கச் சொன்னார்கள். நான் பெருக்க வரவில்லை, பிரஸ் ஓட்டத்தான் வேலைக்குச் சேர்ந்தேன் என்றேன். அந்தப் பிரஸ் அப்போது தனியாக நின்றுகொண்டிருந்தது. ரத்தம் பார்த்த மெஷின் என்று ஒருத்தியும் அதன்முன் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருந்தார்கள், பூசணிக்காய் சுற்றியிருந்தார்கள், அப்போதும் யாரும் கிட்டே போகவில்லை. வேறு ஊருக்கு விற்றுவிடலாம் என்று பேச்சு. நான் போய் உட்கார்ந்தேன். இரண்டு பட்டனையும் அழுத்தினேன், அச்சு இறங்கியது, ஏறியது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கம்பெனி ஒரகடம் பக்கம் போகிற வரைக்கும் அந்த மெஷினில்தான் இருந்தேன். நீ இன்ஜினியரிங் முடித்தது அந்த மெஷினில்தான். இதை நான் சொல்லிக்காட்டுகிறேன் என்று நீ நினைப்பாய். ஆமாம், சொல்லிக்காட்டுகிறேன்.

ஒன்று மட்டும் என்னால் உன்னிடம் இதுவரை சொல்ல முடிந்ததில்லை. விபத்துக்கு முன்னால் பள்ளிக்கூடம் போகும்போது நீ என் வலது பக்கம் நடப்பாய், என் ஆள்காட்டி விரலை முழுசாக உன் உள்ளங்கையில் பிடித்துக்கொள்வாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் நாள் வாசலில் நின்று கையை நீட்டினேன். நீ பார்த்தாய். சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கம் நின்றுகொண்டாய். குழந்தைக்குப் பயம் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்று விட்டேன். அதற்கப்புறம் நீ என் வலது பக்கம் நடக்கவே இல்லை. பத்தாவது படிக்கும்போதும் இல்லை, காலேஜுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோதும் இல்லை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஆல்பத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வந்தது. இப்போது நீ வளர்ந்துவிட்டாய், சுற்றிக்கொண்டு வர வேண்டிய அவசியம் இல்லை, என்னையே நகர்த்திவிடுகிறாய்.

மாமனார் உன்னை எந்தக் கண்ணால் பார்ப்பார் என்று நீ கவலைப்படுகிறாய். அவர் பிரஸ்ஸில் நாளைக் காலை கன்னியம்மா வலது கையால் தகடு வைக்கப் போகிறாள். அவர் மோசமானவர் இல்லை, அந்த ரப்பர் என்ன செய்யும் என்று அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அவர் கண் முன்னாலேயே, தன் சம்மந்தி உருவத்தில், அதைக் காட்டுவதற்கு ஒரு கை இருந்தது. நீ அதை மாவாட்டப் போன கை ஆக்கிவிட்டாய். நான் எதற்காகக் கிரைண்டரை வேண்டாம் என்றேனோ அதையெல்லாம் நீ ஒரே வார்த்தையில் இல்லாமல் செய்துவிட்டாய். பூஜை அன்று வாயை மூடிக்கொண்டு நானும் அதற்குத் துணை போனேன். உனக்காகச் செய்தேன். இன்னொரு தடவை செய்ய மாட்டேன், உனக்காகவும் செய்ய மாட்டேன்.

முந்தாநாள் அமுதா வந்திருந்தாள். அவள் இப்போது திருமுல்லைவாயலில் மகள் வீட்டில் இருக்கிறாள். ஆவடி மார்க்கெட்டில் தீபாவுக்கு வளையல் வாங்க அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பச்சையும் சிவப்புமாக எடுத்தோம், பழகிப் பார்க்கக் கொஞ்சம் மலிவான வளையலும் எடுத்தோம். வீட்டுக்கு வந்து அவள் கையை நீட்டினாள். கட்டை விரலால் அவள் உள்ளங்கையைக் குவித்து, மற்ற இரண்டு விரலால் வளையலை நகர்த்த வேண்டும். முதல் வளையல் உடைந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவள் மணிக்கட்டில் லேசாகக் கீறியது.

"ஐயோ, நிறுத்திக்கலாம்டி" என்றேன்.

"இன்னாத்துக்கு நிறுத்தணும்? போடு. உன் மருமவளுக்கு முன்னாடி எனக்கு வளைகாப்பு ஆவட்டும். அறுபது வயசுல எவளுக்குக் கிடைக்கும்?" என்று சிரித்தாள். சோப்பு நுரை தடவிக்கொண்டு மறுபடி நீட்டினாள். சாயங்காலத்துக்குள் அவள் இரண்டு கையும் நிறைந்துவிட்டது. அப்புறம் அவள் அந்தக் கைகளை மடியில் விரித்துப் பார்த்தாள். பத்து விரலும் முழுசாக இருந்தன. "உன்னை அன்னிக்கு ஆஸ்பத்திரில அப்பிடி கத்திட்டேன்டி" என்றாள். அத்தனை வருஷத்தில் அவள் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். எனக்கு அது போதும். உன்னிடமிருந்து அந்த அளவுகூட வரவில்லையே என்றுதான் அவள் போன பிறகு அழுதேன்.

அதனால் கேட்டுக்கொள். வளைகாப்புக்கு நான் வருவேன். நாற்காலியில் உட்கார மாட்டேன். முதல் வளையல் நான்தான் போடுவேன், இந்த வலது கையால். யாராவது கேட்டால் எந்தக் கம்பெனி, எந்த மெஷின், பட்டனில் என்ன செருகியிருந்தது என்று சொல்வேன். உன் மாமனாருக்குக் கேட்கிற மாதிரி சொல்வேன். கன்னியம்மாவையும் கூப்பிடச் சொல்லி அவருக்கு நானே போன் போட்டுவிட்டேன், அவளுக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். அத்தனை பேர் நடுவில் என் வாயால் வர வேண்டாம் என்றால், அதற்கு முன்னால் நீயே போய் அவரிடமும் தீபாவிடமும் சொல்லிவிடு. உனக்கு அதற்கு நேரம் இருக்கிறது. நீ சொல்வாய் என்று நான் நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று ஆசை இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை உங்கப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. வழியில் அவர் படித்தாலும் சரி, உன் வீட்டில் தீபா முதலில் எடுத்துப் படித்தாலும் சரி, பின்தெருவில் பிரஸ் ஓட்டுகிற பெண்களுக்கு யாராவது படித்துக் காட்டினாலும் சரி. வளையல் பெட்டி என்னிடமே இருக்கிறது, அதை நானே கொண்டுவருவேன்.

போட்டோவுக்கு அதே தம்பியைத்தான் சொல்லியிருப்பாய். அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, பாவம், அன்றைக்கு வந்து தொண்டை கிழியக் கத்த வேண்டாம். அந்த அம்மா இந்தத் தடவை எந்தப் பக்கமும் நகர மாட்டாள்.

உன் அம்மா